இந்தக் கதை யாரைப் பார்த்துச் சிரிக்கிறது?

இளங்கலைத் தமிழ் இலக்கிய மாணவர்களுக்கு இந்தப் பருவத்தில் நான் கொடுத்த ஒப்படைவின் தலைப்பு 'புதுமைப்பித்தன் சிறுகதைகளில் அங்கதம்'. அங்கதம் என்பது கேலியால் பழித்துக் காட்டுவது. உள் மதிப்பீட்டுக்கு உரிய 25 மதிப்பெண்ணில் ஒரு பகுதிதான் இதற்கு. மற்ற 75 பருவத் தேர்வுக்குப் போய்விடும். மதிப்பெண் கணக்கில் இவ்வளவு சிறிய இடம் பெறும் கட்டுரைகளுக்கு இத்தனை நேரம் தேவையா என்று உடன் பணிபுரிபவர்கள் அக்கறையோடு கேட்பதுண்டு. தேவை என்றே நினைக்கிறேன். ஒரு மாணவர் கதையைப் படித்தாரா, கதைச்சுருக்கத்தைப் படித்தாரா என்பதை அங்கதக் கதையைப் போல வெளிப்படையாகக் காட்டிவிடும் சோதனை இலக்கிய வகுப்பில் வேறு இல்லை. மற்ற கதைகளைப் பற்றி எழுதும்போது நிகழ்ச்சிகள் தெரிந்திருந்தால் ஓரளவு ஒப்பேற்றிவிடலாம். அங்கதக் கதையில் சொல்லப்படுவதும் உணர்த்தப்படுவதும் வெவ்வேறு திசையில் போகின்றன. கதைசொல்லியின் குரல் காதில் விழாதவர், ஆசிரியர் கருதியதற்கு நேர் எதிரானதை முழு நம்பிக்கையோடு எழுதிவிடுவார்.

கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. முதல் பத்தியில் தொல்காப்பியச் செய்யுளியலின் 'அங்கதம் தானே அரில்தபத் தெரியின் செம்பொருள் கரந்தது எனஇரு வகைத்தே' என்ற நூற்பா அடிக்கோட்டுடன் நிற்கும். அடுத்து, நகை என்னும் மெய்ப்பாடு (உள்ளத்து உணர்வு வெளியே தோன்றுவது) பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் வரிசையாக வரும். பிறகு, புதுமைப்பித்தனின் சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயர், 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தது, 1948-இல் மறைந்தது, 'மணிக்கொடி' இதழின் எழுத்தாளர்களில் ஒருவராக விளங்கியது. அதன்பின் இரண்டு மூன்று கதைகளின் சுருக்கம். முடிவுரையில், புதுமைப்பித்தன் தம் கதைகளின் வழியே சமூக அவலங்களைச் சாடுகிறார் என்ற வாக்கியம். இந்த வாக்கியத்தை எந்தக் கதையிலிருந்தும் எந்தக் கதைக்கும் மாற்றி வைக்கலாம். எங்கே வைத்தாலும் பொருந்தும், எங்கேயும் ஒன்றையும் விளக்காது. அதற்கு நான் மதிப்பெண் தருவதில்லை, குறைப்பதும் இல்லை. ஓரத்தில், 'எந்த அவலம்? எந்த வரியில்?' என்று மட்டும் எழுதி வைக்கிறேன்.

இதற்காக மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளியில் அவர்கள் எழுதிப் பழகியது அப்படி. குறிப்புச் சட்டகம் கொடுத்து, முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று பிரித்து எழுதச் சொல்லியே பழக்கியிருக்கிறோம். செய்யுளை நயம் பாராட்டும் வினாவில் திரண்ட கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சுவை என்று தலைப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு காட்டினால் மதிப்பெண் உறுதி. அந்தப் பழக்கத்தோடு கல்லூரிக்கு வருபவர், அங்கதத்தையும் எதுகையைப் போலக் கதைக்குள் தேடி எடுத்து அடிக்கோடிடக் கூடிய பொருளாகவே கருதுகிறார். இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. அதில் வாதத்துக்கு இடமில்லை. அங்கதத்தைத் தொட்டுக் காட்ட அப்படி ஓர் எழுத்து கிடையாது. அது கதை சொல்லும் குரலுக்கும் சொல்லப்படும் செய்திக்கும் இடையே உள்ள தொலைவில் இருக்கிறது. அந்தத் தொலைவை வாசகர்தான் உணர்ந்து அளக்க வேண்டும்.

அளக்கும் திறன் மாணவர்களிடம் இல்லாமல் இல்லை. கைப்பேசியில் வடிவேலுவின் முகத்தை வைத்து அவர்கள் செய்யும் மீம்களைப் பார்த்தால் போதும். யாரைக் குறிவைக்கிறோம், எவ்வளவு மறைத்துச் சொல்ல வேண்டும், எந்த இடத்தில் நிறுத்தினால் உறைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. விடைத்தாளை எடுத்ததும் அந்த அறிவு முழுவதும் பின்வாங்கிவிடுகிறது. 'இலக்கியம்' என்று பெயர் சூட்டிய ஒன்றைப் பார்த்துச் சிரிக்கலாமா என்ற தயக்கம் அவர்களைத் தடுக்கிறது என்று நினைக்கிறேன். கட்டுரையைத் திருத்தும் ஆசிரியரின் முதல் வேலை அந்தத் தயக்கத்தைப் போக்குவது. சிவப்பு மையால் அதைச் செய்ய முடியாது.

ஆகவே, எழுதச் சொல்வதற்கு முன்பே கதையை வகுப்பில் உரக்கப் படிக்க வைத்தேன். 1943-இல் 'கலைமகள்' இதழில் வெளிவந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையின் முதல் வாக்கியம் இது: 'மேலகரம் மே.க.ரா. கந்தசாமிப் பிள்ளையவர்கள் "பிராட்வே"யும் "எஸ்பிளனேடு"ம் கூடுகிற சந்தியில் ஆபத்தில்லாத ஓரத்தில் நின்றுகொண்டு வெகு தீவிரமாகச் சிந்தித்துக் கொண்டிருந்தார்.' ஊர்ப் பெயர், தலைப்பெழுத்துகள், 'அவர்கள்' என்ற மரியாதை எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய மனிதரின் வருகைக்குக் கட்டியம் கூறுகின்றன. 'வெகு தீவிரமாக' என்றதும் ஏதோ பெரிய விஷயம் என்று காத்திருக்கிறோம். அவர் சிந்தித்துக் கொண்டிருப்பது, டிராமில் போனால் மிஞ்சும் காலணாவில் வெற்றிலை பாக்குப் போடலாமா, பஸ்ஸில் கண்டக்டரை ஏய்த்துக் கொஞ்ச தூரம் போய்ப் பிறகு டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பி குடிக்கலாமா என்பதை. வகுப்பில் சிரிப்பு எழுந்தது. எந்தச் சொல்லில் சிரித்தீர்கள் என்று கேட்டபோது பதில்கள் பலவாக வந்தன. அந்தப் பதில்களில்தான் கட்டுரைகள் தொடங்கின.

(சென்னையில் டிராம் ஓடியதே பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது. 1953-இல் அது நின்றுபோயிற்று. பதினாறு அணா ஒரு ரூபாய் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. அது தெரியாவிட்டால், மனித உருவில் வந்து பிள்ளையோடு காப்பிக் கடைக்குப் போகும் கடவுள் அங்கே நூறு ரூபாய் நோட்டை நீட்டும் இடம் வெறும் தகவலாகக் கடந்துபோய்விடும். காலம் கடந்த அங்கதத்துக்குக் கொஞ்சம் விலைவாசி வரலாறு தேவைப்படுகிறது.)

ஒரு மாணவி 'ஆபத்தில்லாத ஓரத்தில்' என்ற சொற்களையே தம் கட்டுரையின் மையமாக எடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளை சந்தியில் நிற்கும்போதும் ஓரம் பார்த்து நிற்கிறவர். கடவுள் எதிரே வந்து நின்று வரம் என்று பேச்செடுத்தபோதும் அவர் மயங்குவதில்லை. நீர் வரம் கொடுத்துவிட்டு உம் பாட்டுக்குப் போய்விடுவீர், பிறகு இன்னொரு தெய்வம் வந்து தலையைக் கேட்கும், அப்படி ஏமாறுகிற ஆள் நான் இல்லை என்கிறார். தாம் நடத்தும் சித்த வைத்தியப் பத்திரிகைக்கு இருபத்தைந்து ரூபாய் ஆயுள் சந்தா கேட்பதில் அவருக்கு ஆபத்து எதுவும் தெரிவதில்லை. முதல் வரியில் அவர் நின்ற ஓரத்திலேயே கதை முழுவதும் நிற்கிறார், கடவுளாலும் அவரை நடுச்சாலைக்கு இழுத்துவர முடியவில்லை என்று அந்த மாணவி எழுதியிருந்தார். அதோடு அவர் விடவில்லை. வரம் வேண்டாம், என்னோடு பழக வேண்டுமானால் மனிதனைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்று பிள்ளை சொல்வதில் கோழைத்தனத்தோடு ஒரு தன்மானமும் இருக்கிறதே, அதைக் கண்டு ஆசிரியர் சிரிக்கிறாரா மெச்சுகிறாரா என்ற கேள்வியை எழுப்பி, இரண்டும்தான் என்று பதில் சொல்லி, இரண்டுக்கும் வரி காட்டியிருந்தார். அந்தக் கட்டுரையில் தொல்காப்பியம் இல்லை, பிறப்பு இறப்பு ஆண்டுகள் இல்லை, ஒற்றுப்பிழைகள் நிறைய இருந்தன. வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அதற்குத்தான் கொடுத்தேன்.

ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காதது பற்றி அதே வகுப்பிலிருந்து முறையீடு வந்தது. தமிழ் இலக்கிய மாணவர் ஒற்றுப்பிழையோடு எழுதலாமா என்ற கேள்வி நியாயமானது. பிழைகளை எல்லாம் சுழித்துக் காட்டி, திருத்திய படி ஒன்றை எழுதித் தரச் சொன்னேன், எழுதித் தந்தார். இலக்கணத்துக்குத் தனித் தாள் இருக்கிறது. வாசிப்பை மதிப்பிடும் இடத்தில் சந்திப்பிழைக்காகச் சிந்தனையின் மதிப்பெண்ணைக் கழித்தால், அடுத்த முறை அந்த மாணவி பிழையில்லாத, யாரும் எழுதக்கூடிய நான்கு பக்கத்தைத்தான் எழுதித் தருவார். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள் மிகுந்த வகுப்பு இது. அவர்களில் ஒருவர் ஒரு கதையோடு இப்படித் துணிந்து வாதாடுவது எனக்குப் பெரிய விஷயம்.

இதே கதையைப் பற்றி எழுதியவர்களில் மிகப் பலர், புதுமைப்பித்தன் போலிப் பக்தியைக் கிண்டல் செய்கிறார் என்று முடித்துவிட்டார்கள். இந்த விடையை முழுத் தவறு என்று தள்ளிவிட முடியாது; ஆனால் கதையில் அதற்கு ஆதாரம் தேடினால் கிடைப்பதில்லை. கந்தசாமிப் பிள்ளை பக்திமானாக நடிப்பதே இல்லை. காப்பிக் கடைக் காட்சியைப் பாருங்கள். காப்பியை ருசித்துவிட்டுக் கடவுள் அது தம்முடைய லீலை என்று பெருமைப்படுகிறார். பிள்ளையோ, அது ஓட்டல்காரன் லீலை, சிக்கரிப் பொடி கலந்து வைத்திருக்கிறான், உம்முடைய லீலையையெல்லாம் பில் கொடுக்கும்போது காட்டும் என்கிறார். 'லீலை' என்ற சொல் கைலாசத்திலிருந்து இறங்கிக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இங்கே அடி வாங்குவது பக்தி என்றால் எந்த வகையில்? அடி வாங்குவது பெருமிதமான ஒரு பேச்சு முறை. அன்றாடத்தின் மொழி அதை எதிர்கொள்ளும்போது அது தாக்குப்பிடிப்பதில்லை. ஒரு மாணவர் இந்தக் காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, கடவுள் பேசும் வாக்கியங்களையும் பிள்ளை பேசும் வாக்கியங்களையும் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதி, யாருடைய மொழி யாருடையதை வெல்கிறது என்று காட்டியிருந்தார். போலிப் பக்தி என்ற முடிவுக்கு அவரும் வந்தார்தான். ஆனால் வந்த வழியைத் தாளிலேயே காட்டியிருந்ததால், முடிவில் எனக்கு உடன்பாடு இல்லாதபோதும் நல்ல மதிப்பெண் தர முடிந்தது.

கடவுள் நடனமாடும் பகுதியைத் தொட்டவர்கள் மிகக் குறைவு. கலைக்குக் காவலர் என்று பெயர் வாங்கிய ஒரு பிரமுகரின் முன்னால் கடவுள் ஆடுகிறார். அசலான புலித்தோலும் உயிருள்ள பாம்பும் அந்தப் பிரமுகருக்குப் பிழையாகப் படுகின்றன. பாம்பு என்றால் பாம்பையே கொண்டுவருவதா, பாம்பைப் போல ஆபரணம் அல்லவா அணிய வேண்டும் என்கிறார். தில்லையில் ஆடியவருக்கே சாஸ்திரம் கற்பிக்கப்படுகிறது. இந்தக் காட்சியின் கூர்மை முழுவதும் தெரிய வேண்டுமானால், அன்றைய சென்னையில் தேவதாசிகள் ஆடிவந்த சதிர் பரதநாட்டியமாகப் பெயர் மாறிப் புதிய மேடைகளில் ஏறியதையும், 1928-இல் மியூசிக் அகாதெமியும் 1936-இல் கலாக்ஷேத்திரமும் தோன்றியதையும், கலை எது என்று வரையறுக்கும் உரிமை யாருக்கு என்ற போட்டி நடந்துகொண்டிருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவ்வளவையும் இரண்டாம் ஆண்டு மாணவர் தாமாகத் தேடி எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காட்சியைத் தொட்ட ஒருவர், இவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, உடையைத்தான் பார்த்தார் என்று மட்டும் எழுதியிருந்தார். அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. வரலாற்றை நான் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்து 'பொன்னகரம்'. 1934-இல் 'மணிக்கொடி'யில் வந்த கதை. மதிப்பிடுவதில் எனக்கு அதிகச் சிரமம் தந்தவை இந்தக் கதையைப் பற்றிய கட்டுரைகள்தாம். ஆலைத் தொழிலாளியான அம்மாளு, ஜட்கா (குதிரை வண்டி) ஓட்டும் கணவன் முருகேசன் அடிபட்டுக் கிடக்கையில் அவனுக்குப் பால் கஞ்சி வார்ப்பதற்காக முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். எப்படிச் சம்பாதித்தாள் என்பதைக் கதை இருட்டில் விட்டுவிட்டு, 'என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே! இதுதான், ஐயா, பொன்னகரம்!' என்று முடிகிறது. ஏழ்மை காரணமாகப் பெண்கள் ஒழுக்கம் தவறுவதை ஆசிரியர் கண்டிக்கிறார் என்று சில கட்டுரைகளில் இருந்தது. அவர்கள் கதைச்சுருக்கத்தைச் சரியாகவே எழுதியிருந்தார்கள். ஒரு நிகழ்ச்சியும் விடுபடவில்லை. கடைசி வரியில் உள்ள முன்னிலையை மட்டும் கவனிக்கவில்லை. கதைக்கிறவர்கள் நீங்கள், கேட்டுக்கொண்டிருக்கும் 'ஐயா' நீங்கள். அம்மாளுவை நோக்கி அங்கே ஒரு கண்டனமும் இல்லை. இத்தகைய கட்டுரைக்கு நான் பாதிக்குக் கீழேதான் மதிப்பெண் தந்தேன். தந்ததோடு அந்த மாணவர்களை அழைத்து, கடைசி வரியை யாரைப் பார்த்துச் சொல்வதாக நினைத்து வாசித்தீர்கள் என்று கேட்டேன். அம்மாளுவைப் பார்த்து என்று ஒருவர் சொன்னார். அப்படியானால் 'ஐயா' என்பது யார் என்று கேட்டதும் அவர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய், மறுபடி எழுதி வந்தார். இரண்டாவது கட்டுரையில், அந்த ஐயா நான்தான் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார்.

முதல் பத்தியில் அடிக்கோட்டுடன் நின்றுவிடும் தொல்காப்பிய நூற்பாவுக்கு இந்தக் கதையில்தான் வேலை இருக்கிறது. நேராக வைவது செம்பொருள் அங்கதம். பழியை மொழிக்குள் மறைத்துச் சொல்வது பழிகரப்பு. தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவல் மனையில் அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறிய கொட்டிலில் கிடக்கின்றன என்று அதியமானின் தூதாகப் போன ஔவை சொல்வதாக அமைந்த புறநானூற்று 95-ஆம் பாடல் பழிகரப்புக்கு நாம் வகுப்பில் காட்டும் எடுத்துக்காட்டு. 'பொன்னகரம்' என்ற தலைப்பும், அந்த நகரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களா என்று விசாரிக்கும் தொடக்கமும் இதே வழியில் செல்பவை: புகழும் சொல்லால் சேரியின் நிலையைக் காட்டுபவை. கடைசி வரியில் அந்த மறைப்பு கிழிந்து, குரல் செம்பொருளாக மாறிவிடுகிறது. கரந்து வந்தது, நேராகத் தாக்குகிறது. நூற்பாவை மேற்கோளாக வைக்காமல் கருவியாகப் பயன்படுத்தினால் இவ்வளவு கிடைக்கும்.

ஒரு மாணவர் இதற்கும் மேலே ஒரு படி போய், கடைசி வரி தேவையில்லை, பால் கஞ்சியோடு கதை நின்றிருந்தால் இன்னும் ஆழமாகத் தைத்திருக்கும், ஆசிரியர் வாசகரை நம்பவில்லை என்று வாதிட்டிருந்தார். எனக்கு அந்த வரி வேண்டும். அது இல்லாமல் அந்தக் கதையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனாலும், புதுமைப்பித்தனின் ஒரு வரியை வேண்டாம் என்று சொல்லும் துணிவும், ஏன் வேண்டாம் என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கும் பொறுமையும் சேர்ந்து வந்ததைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மதிப்பெண்ணில் காட்டத் தயங்கவில்லை.

இன்னொரு வகைக் கட்டுரையும் உண்டு. அதை மதிப்பிடும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கதையின் கேலி ஏழைகளின் மேலும் தெறிக்கிறது, கதைசொல்லி சேரியை மேலேயிருந்து பார்க்கிறார், அந்த மக்களின் வாழ்க்கையை அருவருப்போடு விவரித்துவிட்டுப் பிறகு அவர்களுக்காகப் பரிந்து பேசுகிறார் என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். எழுத்தில் கோபம் இருந்தது. 'துன்பக் கேணி', 'பொன்னகரம்' போன்ற கதைகள் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இருக்கலாமா என்று 2014-இல் எழுந்த விவாதம் அவருக்குத் தெரியுமோ என்னவோ, அந்த விவாதத்தின் நியாயமான பகுதியைத் தாமாகவே வந்து தொட்டிருந்தார். இத்தகைய கட்டுரையை, ஆசிரியரைப் புரிந்துகொள்ளாத வாசிப்பு என்று தள்ளிவிடுவது எளிது. அப்படிச் செய்வது அநியாயம். அங்கதம் எழுதுபவர் எறிவது குறி தவறிப் பக்கத்தில் நிற்பவரைத் தாக்குமா என்பது அங்கதத்தைப் பற்றிய அடிப்படைக் கேள்வி. அதைக் கேட்கத் தகுதி உள்ளவர்களில் முதலில் வருபவர், பக்கத்தில் நின்று அடி வாங்கியவர். நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: எந்த வருணனையில் அந்த அருவருப்பு இருக்கிறது, அது கதைசொல்லியுடையதா, கதைசொல்லி யாரைப் போலப் பேசிக் காட்டுகிறாரோ அந்தப் பெரிய மனிதர்களுடையதா? அவர் மூன்று இடங்களைக் காட்டினார். இரண்டு இடங்களில் அவருடைய வாசிப்பு எனக்குச் சரியாகப் பட்டது. மூன்றாவதில் எங்களுக்குள் உடன்பாடு வரவில்லை.

அங்கதம் இல்லாத கதைகளில் அங்கதத்தைக் கண்டுபிடித்தவர்களும் இருந்தார்கள். தலைப்பு அப்படித் தூண்டுகிறது என்பதால் பழியில் பாதி என்னுடைய வினாவுக்கும் உண்டு. 'சாபவிமோசனம்' கதையில் சீதை அக்கினிப் பிரவேசத்தைப் பற்றிச் சொல்லக் கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். அது இராமாயணத்தைக் கேலி செய்யும் கதை என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அதில் கேலி தென்படவில்லை. தனக்கு நியாயம் செய்தவனே இன்னொருத்திக்கு அநியாயம் செய்துவிட்டான் என்று அறிந்த ஒருத்தியின் துயரம்தான் தெரிகிறது. ஒப்பிடுவதற்காக அசோகமித்திரனின் 'புலிக்கலைஞ'னை எடுத்துக்கொண்டு, சினிமா உலகத்தை நையாண்டி செய்யும் கதை என்று எழுதியவரும் உண்டு. ஸ்டுடியோ அலுவலகத்தின் அசட்டையைக் கதை காட்டுகிறது என்பது சரிதான். ஆனால் வேலை கேட்டு வந்த அந்த மனிதர் அறைக்குள் புலியாக மாறிப் பாயும் கணத்தில் சிரிப்பதற்கு யாருக்கும் இடமில்லை. மரபைக் கேள்வி கேட்பதும், நிறுவனத்தைக் குறை காட்டுவதும், முரண்நகையும், அங்கதமும் ஒன்றோடொன்று உறவுடையவை, ஒன்றாகிவிடுபவை அல்ல. கேலிக்கு ஆளாகும் ஒருவரையாவது, ஒரு போக்கையாவது கதைக்குள் அடையாளம் காட்ட முடியாவிட்டால், அங்கதம் என்ற பெயரைக் கொஞ்சம் நிறுத்திவைக்கலாம் என்று ஓரத்தில் எழுதினேன்.

புதுமைப்பித்தனின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வெளியிடும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் கதைகள் கிடைக்கின்றன. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000-இல் காலச்சுவடு வெளியிட்ட முழுத் தொகுப்பு எங்கள் நூலகத்திலும் இருக்கிறது; எந்தக் கதை எந்த இதழில் எப்போது வந்தது என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம். கதை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அதைப் பற்றிய விளக்கத்தை எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறார்கள் என்பது எனக்கு உண்மையான வருத்தம். ஒட்டியதைக் கண்டுபிடிக்க எனக்கு மென்பொருள் தேவைப்படவில்லை. அந்தப் பத்திகளில் கதையிலிருந்து ஒரு சொல்கூட இருக்காது. அத்தகைய கட்டுரைகளுக்கு மதிப்பெண் போடாமல் திருப்பிக் கொடுத்து, கதையில் தங்களைச் சிரிக்க வைத்த ஒரு வாக்கியத்தை எழுதி, ஏன் சிரித்தோம் என்று ஒரு பக்கம் எழுதினால் போதும் என்றேன். எவருக்காவது சிரிப்பு வரவில்லை என்றால் அதையும் எழுதலாம் என்றேன். சிரிப்பு வரவில்லை, கந்தசாமிப் பிள்ளையைப் பார்த்தால் என் அப்பாவைப் பார்ப்பது போல இருக்கிறது, பஸ் கட்டணத்தில் காப்பிக் காசு மிச்சம் பிடிக்கிறவரைப் பார்த்து நான் எப்படிச் சிரிக்க முடியும் என்று ஒருவர் எழுதினார். கதையின் மனநிலைக்கு மிக அருகே வந்த வாசிப்புகளில் அதுவும் ஒன்று. பிள்ளையைத் தள்ளி நிறுத்திச் சிரிக்கும் கதை அல்ல அது. எட்டி நின்று வரம் கொடுக்கலாம், உடன் இருந்து வாழ முடியாது என்று கடைசியில் விடைபெறும் கடவுளை விட, அங்கேயே இருந்து வாழ்ந்தாக வேண்டிய பிள்ளையின் பக்கமே கதைசொல்லி நிற்கிறார்.

அடுத்த பருவத்துக்கான வினாவை மாற்றிவிட்டேன். மவுண்ட் ரோட்டு நடைபாதையில் ஒரு பிச்சைக்காரர் செத்துக்கொண்டிருக்க, நகரம் அவரைக் கடந்து போய்க்கொண்டிருக்கும் 'மகாமசானம்' கதையைக் கொடுத்து, இது அங்கதக் கதையா என்று கேட்கப் போகிறேன். ஆம், இல்லை என்ற இரண்டு விடைக்கும் மதிப்பெண் உண்டு. எந்த வாக்கியத்தைப் படிக்கும்போது அந்த முடிவுக்கு வந்தார்கள், அதற்குப் பிறகு வரும் எந்த வாக்கியம் அந்த முடிவை அசைத்தது என்று எழுத வேண்டும். நான்கு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. கதைச்சுருக்கத்துக்கு அதில் இடமில்லை.